கஞ்சா வழக்கில் சிக்கிய அக்காள் மகன்: கடும் தண்டனை தீர்வாகுமா?

தொண்டிக்கு அருகிலுள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அக்காள் மகன், 19 வயது, 40 கிராம் கஞ்சாவுடன் பிடிபட்டு, பிணையில் வெளியே வந்து, மூன்றே வாரத்தில் மறுபடியும் புகைக்கத் தொடங்கிவிட்டான். ஊரில் ஒரு சாரார் சிங்கப்பூரைப் போல் தூக்கில் போட்டால்தான் இது அடங்கும் என்கிறார்கள். இன்னொரு சாரார் போர்ச்சுகலைப் போல் தண்டனையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். அரசு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்கிறீர்கள். வெளியே பார்த்தால் இது கொள்கையைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, இந்தப் பையனை மீட்க அரசிடம் ஏதேனும் வழி இருக்கிறதா, இருந்தால் அது எங்கள் ஊர்வரை ஏன் வந்து சேரவில்லை என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று எனக்குப் பட்டது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் மனநல மருத்துவர். இந்த இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் நோயாளிகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்து வருகிறேன். அவர்களில் பெரும்பகுதியினர் குடிநோயாளிகள், அடுத்த பகுதியினர் கஞ்சா பயன்படுத்துவோர், அண்மைக் காலமாக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள். நான் சட்டம் படித்தவன் அல்ல. சட்டத்தைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் நோயாளிகளுக்காக நீதிமன்றப் படியேறியதில் கற்றுக்கொண்டது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்னிடம் வருபவர்கள் நிலைமை முற்றியவர்கள். இரண்டு வருடம் புகைத்துவிட்டுத் தானாகவே விட்டவன் மருத்துவரைத் தேடி வருவதில்லை. ஆகவே என் அனுபவம் மட்டுமே இருந்தால் போதைப் பழக்கம் உண்மையில் இருப்பதைவிட இருண்டதாகத் தெரியும்; அதைச் சரிசெய்துகொள்ளத்தான் ஆய்வுகளைப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில், கடத்தலையும் பயன்பாட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் கரை ஒரு பாதை. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா இங்கே வந்து, படகேறி அக்கரையான இலங்கைக்குப் போகிறது. அங்கே அதற்குக் கேரளக் கஞ்சா என்று பெயர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் அளவுதான் தூரம். கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள் என்று எது அக்கரையில் விலை போகிறதோ அதுவெல்லாம் இந்த வழியில் போயிருக்கிறது, தங்கம் எதிர்த்திசையில் வந்திருக்கிறது. முதலாளி இந்தக் கரையில் இருப்பதே இல்லை. பிடிபடுவது படகு ஓட்டியவனும் மூட்டை சுமந்தவனும்தான். பாதை போகும் ஊர்களில் சரக்கு கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். கூலியின் ஒரு பகுதியைப் பொட்டலமாகவே வாங்கியதாகவும், அதை விற்கப்போய்த் தாங்களும் பழகிக்கொண்டதாகவும் சொன்ன இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே கடத்தலைத் தடுப்பது நம் பிள்ளைகளின் நலத்தோடு தொடர்பில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூட்டை கடத்தியவனுக்குப் பொருந்தும் சட்டத்தின் கடுமையை 40 கிராம் வைத்திருந்தவன்மேல் காட்டினால் மூட்டை குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

நம் நாட்டுச் சட்டமே இந்த வேறுபாட்டைச் செய்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டுகள் சிறை. பிணை கிடைப்பதும் மிகக் கடினம். சிறு அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டு சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இதற்கும் மேலாக அதே சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்தால், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர் மேல் வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளலாம். தண்டனை உறுதியான பிறகுகூட, சிறைக்கு அனுப்பாமல் அவருடைய சம்மதத்துடன் சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதாவது, போர்ச்சுகலைப் பார்த்து நாம் ஏங்குவதில் ஒரு பகுதி நம் சட்டப் புத்தகத்திலேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. என்னிடம் வந்தவர்களில் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டிருந்த குடும்பம் அரிதிலும் அரிது. சிறு வழக்குகளில் அபராதத்தைக் கட்டிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அன்றைக்கே வீடு போய்ச் சேர்வதுதான் எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

அந்த எளிது பிறகு எவ்வளவு விலை கேட்கிறது என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. கீழக்கரையிலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் ஒரு பையனின் எதிர்காலம் என்றால் அது பாஸ்போர்ட். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி பாஸ்போர்ட்டை மறுக்கலாம். நீதிமன்ற அனுமதி பெற்று வாங்க வழியுண்டு என்றாலும் அதற்கு அலையக் காசும் ஆளும் வேண்டும். வளைகுடா வேலைக்குப் பல இடங்களில் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் கேட்கிறார்கள். மாமனோ மச்சானோ விசா ஏற்பாடு செய்து வைத்திருக்க, ஒரு பொட்டலத்துக்காக அது கை நழுவிப் போன பையன்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் வெறுமனே இருக்கிறார்கள், பழைய கூட்டத்தோடு. மூட்டை தூக்க ஆள் தேடுகிறவன் இவர்களிடம்தான் வருவான். பயன்படுத்தியவனைக் கடத்தல்காரனின் கையில் நாமே கொண்டுபோய் ஒப்படைக்கிறோம் என்பது இந்த இருபது ஆண்டுகளில் எனக்கு மிகவும் வேதனை தந்த உண்மை.

சிங்கப்பூரைப் பற்றி. நம் மாவட்டத்தில் சிங்கப்பூரையும் மலேசியாவையும் பார்த்தவர்கள் ஏராளம் என்பதால் இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ 15 கிராமுக்கு மேல் ஹெராயினோ கடத்தினால் மரண தண்டனை. போதைப் பயன்பாடும் குறைவு. இவை இரண்டும் உண்மை. ஒன்றினால்தான் மற்றொன்று என்பது மட்டும் நிறுவப்படவில்லை. பக்கத்திலேயே மலேசியா 1983 முதல் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனையை வைத்திருந்தது. ஆனாலும் அங்கே ஹெராயின் பரவியது, ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவியது, கடைசியில் 2005-06 முதல், ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சையையும் தூய ஊசி வழங்குவதையும் அரசே தொடங்க வேண்டி வந்தது, 2023-இல் கட்டாய மரண தண்டனையையும் நீக்கிவிட்டார்கள். சிங்கப்பூர் சிறிய தீவு. நுழைவாயில்கள் எண்ணிக்கையில் அடங்குபவை. பிடிபடும் வாய்ப்பு மிக அதிகம். தண்டனை எவ்வளவு பெரிது என்பதைவிட, பிடிபடுவது எவ்வளவு நிச்சயம் என்பதே மனிதரைத் தடுக்கிறது என்பது குற்றவியலில் ஓரளவு உறுதிப்பட்ட முடிவு. சிங்கப்பூரைப் புகழ்கிறவர்கள் சொல்லாமல் விடுவது இன்னொன்று உண்டு: அங்கே முதல் முறை பயன்படுத்திப் பிடிபடுகிறவர், வேறு குற்றம் இல்லையென்றால், சிறைக்கு அல்ல, அரசின் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்படுகிறார், வெளியே வந்த பிறகும் கண்காணிப்பும் வேலை தேடித் தரும் ஏற்பாடும் உண்டு. அந்தக் கட்டாயச் சிகிச்சை முறையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் தூக்குக் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு அந்நாட்டை உதாரணம் காட்டுவது சரியல்ல. நம் நாட்டிலும் 1989-இல் இரண்டாம் முறை பெருமளவு கடத்துவோருக்குக் கட்டாய மரண தண்டனை கொண்டுவந்து, 2014-இல் அந்தக் கட்டாயத்தை விலக்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் கடத்தல் அஞ்சி ஓடவில்லை.

விநியோகத்தைத் தடுப்பது வீண் என்றும் நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 2001-இன் தொடக்கத்தில் ஹெராயின் வரத்து திடீரெனக் குறைந்தபோது, போதைப்பொருளை அளவு மீறி ஏற்றிக்கொள்வதால் நேரும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அந்த வறட்சிக்குக் காரணம் அவர்களின் சுங்கத் துறையா, உற்பத்தி நாடுகளின் நிலைமையா என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிற்பதும் கடலோரக் காவல் நிலையங்கள் விழிப்பாக இருப்பதும் வேண்டியவையே. என் கவலை, அந்த வேலையின் வெற்றியை எத்தனை வழக்கு என்று எண்ணுவதில் இருக்கிறது. ஒரு பெரிய முதலாளியைப் பிடிக்க ஆறு மாதம் ஆகும். புகைக்கும் ஆறு பையன்களை ஒரே மாலையில் பிடித்துவிடலாம்.

இனி போர்ச்சுகல். 1990-களின் இறுதியில் அந்தச் சிறிய நாட்டில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் ஹெராயின் பயன்படுத்தினர். 2000-இல் சட்டம் இயற்றி 2001 ஜூலை முதல், பத்து நாள் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவு வைத்திருப்பதைக் குற்ற வழக்காக அல்லாமல் நிர்வாக மீறலாக ஆக்கினார்கள். போதைப்பொருள் தடை நீங்கவில்லை, விற்றால் சிறைதான். பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக, சட்டம், மருத்துவம், சமூகப் பணி தெரிந்த மூவர் குழு முன் போகிறார். அடிமைநிலை இல்லாத முதல்முறையாளரை எச்சரித்து அனுப்புகிறார்கள். அடிமைநிலை இருந்தால் சிகிச்சைக்கு வழிகாட்டுகிறார்கள். அதே சமயத்தில் சிகிச்சை மையங்களையும் மாற்று மருந்தையும் தூய ஊசியையும் நாடெங்கும் விரித்தார்கள். போதை பயன்படுத்துவோரிடையே புதிய எச்.ஐ.வி. தொற்று ஆண்டுக்கு ஆயிரம் என்றிருந்தது, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கும் கீழே வந்தது. இது உறுதி. இந்த நன்மையில் சட்டத் தளர்வின் பங்கு எவ்வளவு, சிகிச்சை விரிவின் பங்கு எவ்வளவு என்பது உறுதியில்லாதது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால் பிரித்தெடுக்க இயலவில்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் இதற்கு ஒரு மறுபக்கச் சான்று. 2020-இல் மக்கள் வாக்களித்து, 2021 பிப்ரவரி முதல் தண்டனையை நீக்கினார்கள்; சிகிச்சைக்கான பணம் போய்ச் சேர நெடுநாள் ஆனது; அதே காலத்தில் ஃபென்டனில் என்னும் கொடிய பொருள் சந்தையில் நிறைந்தது; மரணங்கள் கூடின; 2024 செப்டம்பரில் மீண்டும் குற்றமாக்கிவிட்டார்கள். மரணம் கூடியதற்குச் சட்டத்தைவிட ஃபென்டனிலே காரணம் என்று சொல்லும் ஆய்வுகளை நான் ஏற்கிறேன். ஆனாலும், கைவிலங்கைக் கழற்றிவிட்டு அந்தக் கையைப் பிடிக்க ஆள் வைக்காவிட்டால் மக்களே பொறுக்க மாட்டார்கள் என்பதை அது காட்டியது. போர்ச்சுகலிலும் 2012-க்குப் பிறகு நிதி சுருங்கிப் பொறுப்புகள் சிதறியதும் லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் முறையீடுகள் கிளம்பின.

எனவே தண்டனையைக் கூட்டுவதா, நீக்குவதா என்ற கேள்வியில் நம் ஆற்றல் முழுவதும் செலவாவதை நான் விரும்பவில்லை. சிகிச்சை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே என் கேள்வி. போதையை விட வேண்டும் என்ற எண்ணம் ஒருவனுக்கு எப்போதும் இருப்பதில்லை. திடீரென்று வரும், இரண்டு நாள் நிற்கும், போய்விடும். மகள் பெரியவளான அன்று வரும்; கூடத் தொழிலுக்குப் போனவன் இரத்த வாந்தி எடுத்துச் செத்த மறுநாள் வரும்; காவல் நிலையத்திலிருந்து தாய் அழைத்து வந்த இரவு வரும். அந்த இரண்டு நாளுக்குள் அவன் கையில் மருந்தும் எதிரே உட்கார்ந்து பேச ஒரு மனிதரும் கிடைத்தாக வேண்டும். எஸ்.பி.பட்டினத்திலிருந்தோ வாலிநோக்கத்திலிருந்தோ இராமநாதபுரம் வந்து போக ஒரு நாள் கூலி போகிறது. சமூக நீதி அமைச்சகம் எய்ம்ஸ் வழியாக நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் எவ்வகைச் சிகிச்சையாவது கிடைத்திருந்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, எந்தச் சட்டம் வேண்டும் என்று யோசியுங்கள்.

குடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. அதே ஆய்வின்படி நாட்டில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள். கஞ்சாவும் பாங்கும் சேர்ந்து 2.8 விழுக்காடு. நம் கரையில் கஞ்சாவால் கெட்ட குடும்பத்தை விரல் விட்டு எண்ணினால், குடியால் கெட்டதற்கு ஊர்க் கணக்கு வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுக்கடையை நடத்துவது அரசின் டாஸ்மாக் நிறுவனம். கடையை நடத்துகிறவரே குடிநோய்க்கு மருத்துவமும் பார்க்க வேண்டியிருக்கும் இந்த நிலைமை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஒரே நாளில் மூடுவதுதான் வழியா என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. பீகார் 2016-இல் முழு மதுவிலக்கு கொண்டுவந்தது. குடி குறைந்தது, மனைவியர் மேல் வன்முறை குறைந்தது என்று கணக்கிட்ட ஆய்வு இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் குடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் நடந்தது. மதுக்கடை திறந்திருக்கும் நம் மாநிலத்திலேயே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது என்பதால், கடை திறந்திருந்தால் கள்ளச்சாராயம் வராது என்ற வாதமும் நிற்காது. விலையைக் கூட்டினால், விற்கும் நேரத்தைக் குறைத்தால், கடைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் மொத்தக் குடி குறையும் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டது. ஆனால் விலை ஏறினாலும் விட முடியாதவன் வீட்டுக் காசை இன்னும் அதிகமாக எடுப்பான். அவனுக்கு விலை மருந்தாகாது.

இங்கே உயிர்காக்கும் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். கஞ்சாவைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், பசி போகும், உயிர் போகாது. நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் உயிரே போகலாம். முதல் நாள் கை நடுங்கும். ஒன்றிரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே ஆள் தெரியாமல் உளறி, இல்லாததைக் கண்டு மிரண்டு, காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். தங்கு கடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனவருக்குப் படகிலேயே இது வந்திருக்கிறது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் அடைக்கப்பட்டவருக்கும், நம் ஊர்க் காவலில் இருந்தவருக்கும் வந்திருக்கிறது. பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கொண்டுபோய் நேரத்தை இழந்த குடும்பங்களை அறிவேன். வட்டார அரசு மருத்துவமனையில் கிடைக்கும் எளிய மாத்திரைகளும் பி1 வைட்டமின் ஊசியும் இந்த மரணத்தைத் தடுக்கப் போதுமானவை. கைதாகும் ஒவ்வொருவரிடமும், கடைசியாக எப்போது குடித்தாய் என்ற ஒரே கேள்வியைக் கேட்கும் வழக்கம் காவல் நிலையங்களில் வந்தால், அதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ தேவையில்லை.

சிகிச்சை என்று சொல்லும்போது எதைச் சொல்கிறேன் என்பதையும் தெளிவாக்க வேண்டும், ஏனெனில் இந்த மாவட்டத்துக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி எரிந்தார்கள்; 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. மது, போதைப்பொருள் சார்ந்த நிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே மறுவாழ்வு இல்லங்களும் பதிவு செய்துகொண்டாக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும், வேறொரு மாவட்டத்து இல்லம் ஒன்றில் இரவில் வந்து ஆளைத் தூக்கிப்போய் மூன்று மாதம் அறையில் பூட்டி வைத்திருந்து அனுப்பிய பையன் ஒருவன் என்னிடம் வந்தான். முதுகில் தழும்புகள் இருந்தன. அவனுடைய தாய் பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். "அய்யா, பாசிக்குப் போன காசு, குழுக்காசு எல்லாம் மொதல்ல சாமீனுக்குப் போச்சு, பெறகு அந்த எடத்துக்குப் போச்சு, மாசாமாசம் கேட்டாக, குடுத்தேன், புள்ள இப்ப என் மொகத்தையே பாக்க மாட்டேங்குறான்" என்றார். போதையின் சமூகச் செலவு என்று அறிக்கைகளில் எழுதுவதில் இந்தத் தாயின் குழுக்கடன் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. வக்கீல் கூலி, பிணை, இல்லத்துக்குக் கட்டிய பணம், படகுக்கு ஆள் போகாததால் இழந்த பங்கு, தம்பியின் படிப்பு, அக்காளின் நின்றுபோன கல்யாணம் என்று அந்தக் கணக்கு முழுவதையும் நம் கடற்கரையில் பெண்கள் தலையில் சுமக்கிறார்கள். சிகிச்சைக்குச் செலவிடும் ஒரு டாலர் குற்றம், நீதித் துறைச் செலவில் நான்கு முதல் ஏழு டாலர் வரை மிச்சப்படுத்தும் என்று அமெரிக்காவில் கணக்கிட்டார்கள். அவர்களின் சிறைச் செலவு வேறு, நம்முடையது வேறு என்பதால் அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர மாட்டேன். ஆனால் மிச்சம் யாருக்கு என்பதில் எனக்கு ஐயமில்லை.

எந்தச் சிகிச்சை எதற்குப் பலிக்கும்? ஹெராயினுக்கும் வலி மாத்திரை ஊசிக்கும் புப்ரெனார்ஃபின், மெத்தடோன் போன்ற மாற்று மருந்துகள் மரண அபாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன. இதைப் போல் உறுதிப்பட்ட முடிவுகள் எங்கள் துறையில் குறைவு. சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரம் இவர்களுக்கு மிக ஆபத்தானது, ஏனெனில் உடல் பழைய அளவைத் தாங்காது. குடிக்கு மருந்துகள் உண்டு, ஓரளவு உதவும், பேச்சுவழிச் சிகிச்சையோடு சேர்ந்தால் இன்னும் உதவும். கஞ்சாவுக்கென்று நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. ஊக்கப்படுத்தும் உரையாடலும் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வதும்தான் வழி. ஐஸ் எனப்படும் மெத்தாம்பெட்டமைனுக்கும் மருந்தில்லை. பயன்படுத்தாமல் வந்த ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு பரிசு தரும் முறைதான் அதற்கு ஆய்வுகளில் முன்னிற்கிறது. மறுபடி தவறுவது இந்த நோயின் இயல்பு. சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் ஒரு முறையாவது திரும்புகிறார்கள். இரத்தக் கொதிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தை விட்டுவிடுகிறவர்களின் கணக்கும் ஏறத்தாழ இதே. உங்கள் மருமகன் மூன்று வாரத்தில் திரும்பியதை அவனுடைய கெட்ட குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு பக்கமும் உண்டு. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து ஆராய்ந்தபோது, நாடு திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. சூழல் மாறினால் மனிதர் மாறுகிறார். நம் ஊரில் சூழலை மாற்றுவது என்றால் வேலையும் பொழுதும் நட்பும் மாறுவது.

இதனால்தான், நம் கரைக்கென்று ஒரே ஒரு கொள்கை கேட்கச் சொன்னால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைச் சிகிச்சைக்காகக் கேட்பேன். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஆட்கள் கரையில் இருப்பார்கள். கையில் வேலை இல்லாததால் குடியும் சீட்டும் கூடும். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை 1989 முதல், நோயாளியை நகரத்துக்கு வரச் சொல்லாமல், ஊரிலேயே முகாம் போட்டுக் குடிநோய்ச் சிகிச்சை நடத்திக் காட்டியது. ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பேற்பார்கள். மனைவிமார்க்கும் தனியே ஆலோசனை உண்டு. முகாம் முடிந்த பிறகும் ஊருக்கே வந்து பார்ப்பார்கள். அந்த முறையைப் பின்பற்றி ஒரு தடைக்காலத்தில் கடற்கரை ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் நாங்கள் சிலர் முகாம் நடத்தினோம். ஜமாஅத்தும் பங்குத்தந்தையும் கிராமத் தலைவரும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அது எங்களால் ஆகியிருக்காது, வீட்டுப் பெண்கள் போய்க் கேட்டதால் ஆனது. அன்று வந்தவர்களில் இன்றுவரை தொடாமல் இருப்பவர்கள் உண்டு. மறுபடி குடித்து இறந்தவர்களும் உண்டு. ஓர் ஊரை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தொடர்ந்து பத்துத் தடைக்காலம் பல ஊர்களில் நடத்தி, முடிவை எழுதிவைத்தால்தான் அது ஆதாரமாகும். 2022-இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2025-இல் மாநில அரசு கலங்கரை என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை வருடத்தில் இரண்டு மாதம் கட்டடத்தைவிட்டு மீன் வாடிக்கும் மீன் இறங்குதளத்துக்கும் அனுப்பும் உத்தரவுதான் இல்லை.

பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாக. உலகப் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று உறுதிமொழி எடுப்பதும் மனிதச் சங்கிலியும் தீங்கில்லை, ஆனால் அவற்றால் பயன்பாடு குறையும் என்பதற்குச் சான்றில்லை; அமெரிக்காவில் காவலர்கள் வகுப்புக்கு வந்து பாடம் நடத்தும் திட்டம் 1983 முதல் நடந்து, பயனில்லை என்றே ஆய்வுகள் கண்டன. நம்மைப் போலவே மீனை நம்பி வாழ்ந்த ஐஸ்லாந்து வேறு வழியில் போனது: பிள்ளைகளின் மாலைப் பொழுதுக்கு விளையாட்டும் இசையும், இரவில் வெளியே திரியாமலிருக்கப் பெற்றோரிடையே உடன்பாடு, ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் சொந்தக் கணக்கெடுப்பு. கடந்த மாதம் போதையேறக் குடித்த 15, 16 வயதுப் பிள்ளைகள் 1998-இல் 42 விழுக்காடு, 2016-இல் 5 விழுக்காடு. மற்ற நாடுகளிலும் இளையோர் குடி அதே காலத்தில் குறைந்ததால் முழுப் புகழும் திட்டத்துக்கு உரியதா என்பது தெளிவாகவில்லை. இருந்தாலும் ஓர் ஊர் மைதானத்துக்கு விளக்குப் போடுவதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி உங்கள் மருமகனுக்கு. அவனுக்குக் கஞ்சா அடிமைநிலை இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை இங்கிருந்து நான் சொல்ல இயலாது. சந்தேகம், காதில் குரல் கேட்பது, தனக்குத்தானே பேசுவது போன்றவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், ஏனெனில் இந்த வயதில் கஞ்சா சிலருக்கு மனச்சிதைவின் முதல் வெளிப்பாட்டைத் தூண்டுகிறது. அவன் சம்மதிக்கும் நாளில், தனியார் இல்லம் எதற்கும் போகாமல், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வழி கேட்க 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அபராதம் கட்டி ஒப்புக்கொள்ளும் முன் வக்கீலிடம் 64-ஏ பிரிவின்படி மனு போட முடியுமா என்று கேளுங்கள். பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். நீதிமன்றம் பார்ப்பது, தாமாக முன்வந்து சிகிச்சைக்குப் போனாரா, அதை முடித்தாரா என்பதை. ஆகவே ஒவ்வொரு முறை போகும்போதும் தேதி போட்டுத் தரும் புறநோயாளிச் சீட்டை உங்கள் அக்காளிடம் கொடுத்து, ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.